ஊசிக்கு மணி உண்டு, சோற்றுக்கு மணி இல்லையா?

அரசு மருத்துவமனை வார்டில் மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு வந்தால் அது யாருக்கும் செய்தி இல்லை. மருத்துவர் வரவில்லை என்றால் செய்தி. மருந்து இல்லை என்றால் செய்தி. ஆக்சிஜன் தீர்ந்தது என்றால் தலைப்புச் செய்தி. சோறு இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் மட்டும், "இலவசமாகத்தானே போடுறாங்க, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்கிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "ஆணவக் கொலை நடக்குது, மலக்குழிச் சாவு நடக்குது, வேங்கைவயலுக்கு இன்னும் நீதி கிடைக்கல. நீங்க சாப்பாட்டு வண்டியைப் பத்தி எழுதுறீங்களா?"

ஆம், சாப்பாட்டு வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறோம். அந்த வண்டி யாருடைய படுக்கைக்கு முதலில் போகிறது, யாருடைய படுக்கைக்குக் கடைசியில் போகிறது, யாரை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். யாரும் சாதி கேட்டுப் பரிமாறுவதில்லை. கேட்காமலேயே, தாமதம் ஒவ்வொரு நாளும் ஒரே வகை மனிதர்கள் தலையில் போய் இறங்குகிறது. அதைத்தான் பேச வேண்டும்.

நேரமும் சிகிச்சைதான்

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். உரிமையை அப்புறம் பேசலாம்.

சர்க்கரை நோயாளிக்குப் போடும் ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். போட்ட பிறகு அது சாப்பாட்டு வண்டிக்காகக் காத்திருக்காது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும். சிஸ்டர் பன்னிரண்டு மணிக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். சோறு பன்னிரண்டரைக்கு வந்தால் அந்த ஊசி மருந்து. இரண்டரைக்கு வந்தால் அதே ஊசி ஆபத்து. வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே எச்சரிக்கை என்கிறது மருத்துவம். கூட ஆள் இருந்தால் ஓடிப்போய் பிஸ்கட் வாங்கி வருவார், டீயில் சர்க்கரையைக் கூடப் போட்டுக் கொடுப்பார். ஆள் இல்லாதவர் கண்ணை மூடிக் கிடந்தால், தூங்குகிறார் என்று நினைத்து வார்டு அவரைக் கடந்து போகும்.

வலி மாத்திரைகள் பலவற்றைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். சோறு வராததால் நோயாளி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அல்லது வலி தாங்காமல் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வயிற்றெரிச்சலில் துடிப்பார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. அதை வெறும் வயிற்றில் போடுவதுதான் நல்லது. ஆனால் போட்ட பிறகு குமட்டும். அடுத்து நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் நோயாளி மாத்திரையையே வெறுத்துவிடுவார். ஜார்க்கண்டில் நடத்தி 2023இல் வெளியிட்ட 'ரேஷன்ஸ்' ஆய்வு, சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை கூடிய காசநோயாளிகளிடம் சாவு வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. ஒன்றிய அரசே 2018இலிருந்து காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியது. வீட்டில் இருக்கும் காசநோயாளிக்குச் சோறு மருந்து என்று ஒப்புக்கொண்ட அரசு, தன் வார்டிலேயே படுத்திருக்கும் காசநோயாளிக்குச் சோறு எத்தனை மணிக்குப் போனது என்று கேட்க வேண்டாமா?

அறுவை சிகிச்சைக்குப் பேர் கொடுத்தவர் நிலை இன்னும் மோசம். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதே என்பார்கள். பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு, "இன்னைக்கு இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒரு குரல் வரும். அதற்குள் சாப்பாட்டு வண்டி வந்துபோயிருக்கும். அவருக்குத் தட்டு எடுத்து வைத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அன்றையக் கணக்கில் அவர் 'சாப்பிடக் கூடாதவர்'. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி நள்ளிரவு, மறுபடி பட்டினி. பணக்காரர் ஒருவருக்கு இப்படி நடந்தால் மருத்துவமனையே பதில் சொல்லியாக வேண்டும். நமக்கு நடந்தால் அதற்குப் பெயர் 'போஸ்ட்போன்'.

தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மாலை ஆறு மணிக்குள் இரவுச் சாப்பாட்டைப் போட்டு முடித்துவிடும் வார்டுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊழியர்களின் ஷிஃப்ட் முடிய வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், அதற்காக நோயாளியின் வயிற்றுக்கு ஆறு மணிக்கே இரவு வந்துவிட வேண்டும். அடுத்த வாய்ச் சாப்பாடு மறுநாள் காலை எட்டு மணிக்கு. நடுவில் பதினான்கு மணி நேரம். பிள்ளை பெற்று, பால் கொடுத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும் அதே பதினான்கு மணி நேரம்தான். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆன தாய்க்கு 3 நாளும், சிசேரியன் ஆன தாய்க்கு 7 நாளும் இலவச உணவு என்று சொல்கிறது. நாள் கணக்கை எழுதி வைத்தார்கள். மணிக் கணக்கை எழுதவில்லை.

கடைசிப் படுக்கை யாருடையது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி, ஆறு வார்டு, வார்டுக்கு நாற்பது பேர். மொத்தம் 240 தட்டு. ஒரு தட்டுக்கு அரை நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் நேரம் எல்லாம் தனி. பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் கடைசித் தட்டு இரண்டரைக்கு விழும். இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் திருடவில்லை. ஆள் போதவில்லை, வண்டி போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசித் தட்டு தினமும் ஒரே வார்டில் விழுகிறதே, அதைத்தான் கேட்கிறோம்.

வண்டி போகும் வழி தினமும் ஒன்றுதான். சமையல்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடம் முதலில். அதிகாரிகள் ரவுண்ட்ஸ் வரும் புதிய பிளாக் முதலில். கடைசியில் காசநோய் வார்டு, தோல் நோய் வார்டு, மனநல வார்டு. வளாகத்தின் பின்கோடியில், மழை பெய்தால் வண்டி போக முடியாத பாதையில் இருக்கிற பழைய கட்டடங்கள். அங்கே படுத்திருப்பவர்களில் பலரைப் பார்க்க யாரும் வருவதில்லை. குரல் கொடுக்க ஆள் இல்லாத இடத்துக்குச் சோறு கடைசியில் போகிறது, ஆறிப்போய் போகிறது, சில நாள் குழம்பு தீர்ந்துபோய் வெறும் சோறாகப் போகிறது.

ஒரே வார்டுக்குள்ளும் அப்படித்தான். பல வார்டுகளில் வண்டி வாசலோடு நின்றுவிடுகிறது. தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு நோயாளிதான் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது கூட இருப்பவர் நிற்க வேண்டும். வார்டுகளின் எழுதாத விதி இது: ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டெண்டர் இருப்பார். அந்த விதியை எழுதாமல் எழுதியவருக்கு நம் வீடுகளைத் தெரியாது. கட்டட வேலைக்குப் போகிற கணவர் ஒரு நாள் மருத்துவமனையில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பத்தில் ஒருவர்தான் வர முடியும், அவரும் மறுநாள் திரும்பியாக வேண்டும். ஊரில் நிலம் இருப்பவருக்கு வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, டவுனில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, அங்கிருந்து நேரத்துக்கு கேரியர் வருகிறது. நம்மவருக்கு டவுனில் சொந்தம் என்றால் அது பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுதான்.

ஆகவே அரசு மருத்துவமனைச் சோற்றை முழுக்க நம்பி இருப்பவர் யார் என்றால், வேறு சோறு இல்லாதவர். வண்டி தாமதமானால் கேரியர் வைத்திருப்பவர் சாப்பிட்டுவிடுவார். காசு வைத்திருப்பவர் கேண்டீனுக்கு ஆள் அனுப்புவார். அந்தத் தாமதம் முழுவதையும் தன் உடம்பில் வாங்குபவர் நிலமில்லாதவர், நாள் கூலிக்காரர், தனியாக வந்த கிழவி, பெயர் தெரியாமல் விபத்தில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர். இவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நிலத்தையும் கூலியையும் சொந்தபந்தத்தையும் சாதிதான் பங்கு வைத்தது. சாப்பாட்டு வண்டி அந்தப் பங்கீட்டை ஒரு நாளைக்கு மூன்று வேளை நிறைவேற்றி வைக்கிறது.

இதில் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேருக்கு என்ன சாப்பாடு என்று வார்டிலிருந்து கணக்கெழுதிச் சமையல்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டு போன பிறகு சேர்ந்தவர் அன்றையக் கணக்கில் இல்லை. தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, அப்புறம் மருத்துவக் கல்லூரி என்று மூன்று இடம் ஏறி இறங்கி ஆம்புலன்ஸில் பகலில் வந்து சேரும் நோயாளிதான் பெரும்பாலும் சீட்டுக்குப் பிந்தியவர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவரும் அவர்தான். "உங்க பேரு நாளைக்குத்தான் வரும்" என்று சொல்லப்படுவதும் அவருக்குத்தான்.

வண்டியைத் தள்ளுகிறவர் எதிரி அல்ல

கோபம் வரும்போது அது கண்ணெதிரில் நிற்பவர் மேல் பாயும். வண்டி தள்ளும் அக்காவைத் திட்டி வீடியோ எடுத்துப் போடுவது சுலபம். அந்த வீடியோவைப் பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள். மறுநாள் கான்ட்ராக்ட் கம்பெனி அவரை வேலையை விட்டு நிறுத்தும். அவர் இடத்தில் இன்னொரு அக்கா வருவார், அதே ஒரு வண்டி, அதே 240 தட்டு. சோறு அதே இரண்டரை மணிக்கு வரும். நம் ஆள் ஒருவர் வேலையிழந்ததைத் தவிர அந்த வீடியோவால் ஒன்றும் மாறியிருக்காது.

நம் ஆள் என்று தெரிந்துதான் சொல்கிறோம். வார்டைக் கூட்டுபவர், கழிவறை கழுவுபவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், பிணத்தைத் தூக்குபவர், சாப்பாட்டு வண்டி தள்ளுபவர் யார் என்று போய்ப் பாருங்கள். நிரந்தரப் பணியாக இருந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கான்ட்ராக்டுக்குக் கொடுத்தபோது, படித்து மேலே வர வழியில்லாமல் இந்த வேலைகளிலேயே தலைமுறையாக அடைக்கப்பட்ட சமூகங்கள் கடைசியாகக் கையில் வைத்திருந்த அரசு வேலையும் போயிற்று. கான்ட்ராக்டில் இடஒதுக்கீடும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஆக, பசியோடு காத்திருப்பவரும் நம்மவர், திட்டு வாங்குபவரும் நம்மவர். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஆள் எண்ணிக்கையைக் குறைத்து ஒப்பந்தம் போட்டவர் ஏசி அறையில் இருக்கிறார்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏம்மா லேட்டு?" என்பதல்ல. "இந்த 240 தட்டுக்கு எத்தனை ஆள் என்று யார் முடிவு செய்தது? எந்தக் காகிதத்தில்?" என்பது.

யார் கை என்று கேட்கும் நாடு

சோறு விஷயத்தில் இந்த நாட்டுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. சமைத்த கை யாருடையது, தொட்ட கை யாருடையது என்று கேட்கும் வியாதி. மருத்துவமும் அதற்கு விலக்காக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறார். பிள்ளை பெற்ற தலித் பெண்ணுக்குக் காய்ச்சல். மருத்துவர் தொட மறுக்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார், அவர் கணவர் கையில் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார், அதே வழியில் அது திரும்பி வருகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறார். அந்தக் கடிதத்தை 1929இல் எழுதியவர் அவருடைய கணவர், ஒரு பள்ளி ஆசிரியர்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் கரூர் மாவட்டத்தில் இதே கதை நடந்தது. சிறைகளில் யார் சமைப்பது, யார் கூட்டுவது என்று சாதி பார்த்துப் பிரித்த விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

இதை இங்கே ஏன் சொல்கிறோம்? நேரத்துக்குச் சோறு வர வேண்டுமென்றால் பரிமாற ஆள் கூட வேண்டும். ஆள் கூட்டச் சொன்னால் நிர்வாகம் உடனே, "துப்புரவு ஊழியர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைச் சாப்பாட்டில் விட்டால் நோயாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லக்கூடும். இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். கழிவறை கழுவிய அதே ஷிஃப்டில் அதே ஆள் சோறு பரிமாறக் கூடாது என்பது தொற்றுத் தடுப்பு. அதை நாமும் ஏற்கிறோம். ஊழியரின் கண்ணியத்துக்கும் அதுதான் சரி. ஒரே ஆளை எல்லா வேலைக்கும் இழுப்பதை நிறுத்துங்கள். ஆனால் குளித்து, உடை மாற்றி, கையுறை போட்டு, பரிமாறும் வேலைக்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவரை, அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டு ஒதுக்கினால் அது தீண்டாமை. கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது சுகாதாரம். யார் கை என்று கேட்பது சாதி. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்களை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

முடியாது என்று சொல்லாதீர்கள்

"இவ்வளவு பெரிய மருத்துவமனையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் போட முடியும்?" என்பார்கள். இந்த மாநிலத்தைப் பார்த்தா அதைச் சொல்வது? 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சத்துணவு, 2022இல் காலை உணவு. மலை கிராமத்துப் பள்ளியிலும் மதிய மணி அடிக்கும்போது சோறு தயாராக இருக்கிறது. சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு, வேறிடத்தில் சமைத்து வண்டியில் ஏற்றி, முதல் வகுப்பு தொடங்குவதற்குள் காலைச் சாப்பாடு போய்ச் சேருகிறது. போக்குவரத்து நெரிசலைத் தாண்டி தெருத்தெருவாக உணவு கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, ஒரே மதில் சுவருக்குள் பின்கோடி வார்டுக்குக் கொண்டுபோகத் தெரியாதா?

தெரியும். பள்ளியில் யாரோ மணியைப் பார்க்கிறார்கள், மருத்துவமனையில் யாரும் பார்ப்பதில்லை. இங்கே பதிவேட்டில் எழுதப்படுவதெல்லாம் எத்தனை லிட்டர் பால், எத்தனை பிரட், எத்தனை முட்டை என்பதுதான். தணிக்கைக்கு வருபவர் முட்டையை எண்ணுவார். முட்டை எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனது என்று கேட்க மாட்டார். எண்ணாத எதுவும் இங்கே நடப்பதில்லை.

இன்னொரு பதில், "வெளியே அன்னதானம் போடுறாங்களே" என்பது. மருத்துவமனை வாசலில் நல்ல மனதோடு சோறு போடுபவர்களை நாம் குறை சொல்லவில்லை. கேரளத்தில் இளைஞர் அமைப்பினர் வீடு வீடாகப் பொதிச்சோறு வாங்கி அரசு மருத்துவமனைகளில் கொடுப்பதைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் அன்னதானம் நடப்பது கொடுப்பவரின் நேரத்தில், கொடுப்பவரின் நாளில். கட்டுப்போட்ட காலோடு யாரும் வாசலுக்கு நடந்து வர முடியாது. அம்மா உணவகம் பெரிய மருத்துவமனை வளாகங்களுக்குள் வந்தது நல்ல காரியம். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் கூட இருப்பவர்களின் உயிரைக் காப்பாற்றின. ஆனால் அதுவும் எழுந்து நடக்கக்கூடியவருக்குத்தான். படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கையில் வரும் சோறு ஒன்றுதான் வழி. உரிமையாக வர வேண்டியதைத் தர்மமாகத் தேடி ஓட வைக்காதீர்கள்.

நாம் கேட்பது

எங்கள் கோரிக்கைகள் இவைதான். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

ஒன்று: மூன்று வேளைச் சாப்பாட்டு நேரத்தையும் ஒவ்வொரு வார்டு வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நேரம் என்றால் சமையல்கூடத்திலிருந்து வண்டி கிளம்பும் நேரம் அல்ல, கடைசிப் படுக்கைக்குத் தட்டு போய்ச் சேரும் நேரம்.

இரண்டு: அந்த நேரத்தை ஒவ்வொரு வேளையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நிலைய மருத்துவ அலுவலர் வாரம் ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று: இன்சுலின் போடும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். வண்டி வார்டுக்குள் வந்த பிறகே ஊசி, அல்லது ஊசிக்காரர்களுக்கு முதல் தட்டு. இரண்டில் எது சரி என்று மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்றை முடிவு செய்யட்டும்.

நான்கு: வண்டி போகும் வழியை வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இந்த வாரம் கடைசியில் இருந்த வார்டு அடுத்த வாரம் முதலில். வண்டியும் ஆளும் போதாது என்றால் கூட்ட வேண்டும்.

ஐந்து: சீட்டு போன பிறகு சேர்பவருக்காகவும், அறுவை சிகிச்சை தள்ளிப்போனவருக்காகவும், ஸ்கேனுக்குப் போய்த் திரும்பியவருக்காகவும் ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு வேளையும் சில தட்டுகள் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். பிரசவ வார்டிலும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இரவு ஒன்பது மணிக்குப் பாலோ கஞ்சியோ கொடுக்க வேண்டும்.

ஆறு: எழ முடியாதவருக்கு, கூட ஆள் இல்லாதவருக்கு, சோறு படுக்கைக்கு வர வேண்டும். ஊட்டிவிடத் தேவை என்றால் ஊட்டிவிட ஆள் வேண்டும். அட்டெண்டர் இல்லை என்பது யாருடைய குற்றமும் அல்ல.

ஏழு: இவ்வளவையும் செய்கிற ஊழியர்களுக்குப் பணி நிரந்தரம், கையுறை, சீருடை, உடை மாற்ற இடம், அவர்களுக்கே நேரத்துக்குச் சாப்பாடு. மற்றவருக்கெல்லாம் பரிமாறிவிட்டு நான்கு மணிக்கு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். ஒன்றிய அரசின் பி.எம்.ஜே.ஏ.ஒய் திட்டத்தோடு சேர்ந்த பிறகு, உள்நோயாளியாக இருக்கும்போது கொடுக்க வேண்டிய உணவும் காப்பீட்டுத் தொகுப்பில் சேர்ந்ததுதான். "கார்டு பேஷண்டுக்குச் சாப்பாடு கிடையாது" என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்களே, இதற்குப் பெரிய பணமோ பெரிய கூட்டமோ வேண்டாம். நான்கு பேர், ஒரு நோட்டு, ஒரு வாரம் போதும். அனுமதி வாங்கிக்கொண்டு, நோயாளியின் சம்மதத்தோடு, ஒரே வார்டில் முதல் தட்டு விழுந்த நேரத்தையும் கடைசித் தட்டு விழுந்த நேரத்தையும் ஏழு நாள் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை, ஏன் என்பதை எழுதுங்கள். நோயாளியின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். ஊழியரின் பெயரை எழுதாதீர்கள். நமக்கு வேண்டியது மணி மட்டும்தான்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய்க்கு ஒரு மனு. உணவு ஒப்பந்தத்தின் நகல், அதில் நேரம் பற்றிய நிபந்தனை, தாமதத்துக்கு அபராதம் உண்டா, இதுவரை விதித்தார்களா, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஊழியர். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேடுகளை நேரில் பார்வையிடும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, அதையும் கேளுங்கள். கையில் இருக்கும் ஏழு நாள் கணக்கையும் அவர்கள் கொடுத்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டீனிடம் கொடுங்கள். நோயாளர் நலச் சங்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மருத்துவமனைக்குள் சாதியின் பெயரால் யாரையாவது தடுத்தால் அது வேறு விஷயம். அதற்கு மனு எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் அதே சட்டத்தில் குற்றம். புகார் கொடுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூடுகிறதா என்று கேளுங்கள்.

பெரிய போராட்டங்களுக்கு நடுவில் இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஒரு குளத்துத் தண்ணீரைக் குடிக்க 1927இல் மகாடில் ஆயிரக்கணக்கானோர் நடந்தபோதும், தண்ணீர் ஒரு சின்ன விஷயம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நம் மக்கள் ஒவ்வொரு நாளும் உடம்பால் அனுபவிக்கும் எதுவும் சின்ன விஷயம் இல்லை. ரேஷன் கடையில் காத்திருந்தோம், தாலுகா ஆபீஸில் காத்திருந்தோம், கோர்ட்டில் காத்திருந்தோம். நோய்ப் படுக்கையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்போம். அது அன்பு. இனி அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "எத்தனை மணிக்கு வந்துச்சு?" பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.